ஆண்களின் ஆயுளை எழுதியது யார்?

(ஒரு சிற்றூர்ப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சாவைப் பற்றிய விஷயமாகும். விளக்கு வைத்த நேரத்தில் இதையா பேசுவது, இது அபசகுனமல்லவா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சாவைப் பற்றிப் பேசினால் சாவு வந்துவிடுமென்றால், பேசாமலே இருந்த நம் முன்னோர்களில் ஒருவராவது இன்று உயிரோடிருக்க வேண்டுமல்லவா? ஆகவே அந்தப் பயத்தை ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்கும்படி வேண்டிக்கொள்ளுகின்றோம்.

நமது நாட்டில் வாழ்த்துக்குப் பஞ்சமே இல்லை. காலில் விழுந்தால் "தீர்க்காயுசாக இரு" என்கின்றோம். குழந்தை தும்மினால் "நூறு" என்கின்றோம். கல்யாணப் பந்தலில் "நூறாண்டு வாழ்க" என்று அட்சதை போடுகின்றோம். ஆனால் இந்த நாட்டில் 100 ஆண் குழந்தைகள் பிறந்தால் அவர்களில் எத்தனை பேர் 65-வது வயதைக் காணுகின்றார்கள் என்று நம்மில் யாராவது கணக்குப் பார்த்ததுண்டா? பார்த்தவர்கள் சொல்லுவது இதுதான்: இன்றைய சாவு விகிதம் இப்படியே நீடிக்குமானால், ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்காரர்களே 65-ஐ எட்டுவார்கள். பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குக்காரர்கள் எட்டுவார்கள். ஜப்பான், ஸ்வீடன் போன்ற நாடுகளிலோ ஆண்களிலேயே 100-க்கு 90 பேர் அளவில் எட்டிவிடுகின்றார்கள். வாழ்த்துச் சொல்லுவதில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்களா என்றால் இல்லை. பின் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

இதைச் சொல்லுமுன் நமது சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. நமக்கு ஒரு தமையனார் இருந்தார். மண்டியில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். நாம் ஐந்தாம் வகுப்போடு நின்றபின், பழைய புஸ்தகக் கடைக்குக் காசு கொடுத்து நம்மைப் படிக்க வைத்தவர் அவர்தான். அவர் ஜாதகத்தில் ஆயுள் 82 என்று எழுதியிருந்தது. பேரன் பேத்திகளுக்குக் கல்யாணம் செய்து பார்ப்பார் என்று சோசியர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். தினம் இரண்டு கட்டு பீடி குடிப்பார். ரத்தக் கொதிப்பு என்றால் கோபக்காரனுக்கு வருவது என்று நினைத்திருந்தார். 49-வது வயதில் ஓர் இரவு நெஞ்சு வலித்தது. வாய்வுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். விடிந்ததும் வேப்பிலை அடித்தார்கள். மத்தியானம் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் அவர் போய்விட்டார்.

தோழர்களே! அதற்குப் பின் நடந்ததுதான் நம்மால் இன்றுவரை மறக்க முடியாதது. "82 என்று எழுதினீரே, என்ன ஆயிற்று?" என்று சோசியரைக் கேட்டார்கள். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "அவர் ஜாதகம் சுத்தமான ஜாதகம். அந்த அம்மாள் ஜாதகத்தில்தான் மாங்கல்ய தோஷம்" என்று சொல்லிவிட்டார். உடனே வீடு முழுவதும் நமது அண்ணியாரின் பக்கம் திரும்பிப் பார்த்தது. பீடியைப் பார்க்கவில்லை. தாமதத்தைப் பார்க்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்து மூன்று குழந்தைகளோடு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தது. நாமும் அன்று பக்கத்தில் வாய் மூடிக்கொண்டுதான் நின்றோம். அந்த வெட்கத்தினாலேயே இன்று இங்கு வாய் திறந்து பேசுகின்றோம்.

நிற்க, மனிதனின் ஆயுளைக் கணக்கிட முடியவே முடியாதா என்றால், முடியும். ஆனால் அது பஞ்சாங்கக்காரன் வழியில் அல்ல. 1662-ம் வருஷத்தில் லண்டனில் ஜான் கிராண்ட் என்பவர் அந்த நகரத்துச் சாவுப் பட்டியல்களை எடுத்து, எந்த வயதில் எத்தனை பேர் சாகின்றார்கள் என்று எண்ணத் தொடங்கினார். அவர் பெரிய பண்டிதரல்ல. துணி வியாபாரம் செய்தவர். பிறகு 1693-ல் எட்மண்ட் ஹாலி என்பவர் பிரெஸ்லௌ என்னும் ஊரின் பிறப்பு இறப்புக் கணக்கைக் கொண்டு ஓர் ஆயுள் அட்டவணையே போட்டார். இந்த ஹாலி யார் தெரியுமா? வால் நட்சத்திரம் தோன்றினால் ராஜாவுக்கு ஆகாது என்று உலகம் நடுங்கிக்கொண்டிருந்த காலத்தில், அது தன் பாதையில் சுற்றிவரும் ஒரு பொருள், 1758-ல் திரும்பவும் வரும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர். அவர் செத்தபின் அது சொன்னபடியே வந்தது. வானத்திலுள்ள பயத்தையும், ஆயுளைப் பற்றிய மயக்கத்தையும் ஒரே மனிதர் கணக்கினால் போக்கினார் என்றால், எண்ணிப் பார்ப்பதற்கு எவ்வளவு சக்தி உண்டென்று பாருங்கள்.

இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்காரன் இன்றைக்கும் அந்த வழியில்தான் நடக்கின்றான். உங்கள் உயிரின் பேரில் பணம் கட்டி நிற்பவன் அவன். நீங்கள் சீக்கிரம் செத்தால் நஷ்டம் அவனுக்கு. அவன் உங்களிடம் நட்சத்திரம் கேட்கின்றானா? ராசி கேட்கின்றானா? வயதென்ன, எடையென்ன, சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, புகை குடிப்பதுண்டா என்றுதான் கேட்கின்றான். ஜாதகத்தில் ஆயுள் இருப்பது உண்மையானால், பாஸ் செய்த டாக்டருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியைச் சோசியனுக்குக் கொடுத்து வேலையை முடித்துக்கொள்ள மாட்டானா? பணம் போட்டவன் நம்பாத ஜாதகத்தை, உயிரைப் போட்ட நாம் ஏன் நம்பவேண்டும்?

இனி, "அந்தக் காலத்தில் எல்லோரும் நூறு வயது இருந்தார்கள். இந்தக் காலத்துச் சாப்பாட்டினால்தான் ஆயுள் குறைந்துவிட்டது" என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்சஸ் கணக்கின்படி 1901-லிருந்து 1911 வரையுள்ள காலத்தில் இந்தியாவில் பிறந்த ஆண் குழந்தைக்குச் சராசரி ஆயுள் 22.6 வருஷம். பெண் குழந்தைக்கு 23.3. அதற்கடுத்த பத்தாண்டில் 1918-ன் விஷக்காய்ச்சல் வந்து ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. ஆண்களின் சராசரி 19.4 ஆகச் சுருங்கிவிட்டது. நூறாண்டு வாழ்ந்த பொற்காலத்தின் லட்சணம் இதுதான்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். சராசரி 22 என்றால் எல்லோரும் 22-ல் செத்தார்கள் என்பது அர்த்தமல்ல. பத்துக் குழந்தைகள் பிறந்து, ஐந்து குழந்தைகள் ஒரு வயதோடு செத்து, மற்ற ஐந்து பேர் 50 வயது வரை இருந்தால் சராசரி 25-ஐத்தான் ஒட்டி நிற்கும். அக்காலத்திலும் கிழவர்கள் இருந்தார்கள். ஆனால் உங்கள் தாத்தா 90 வயது இருந்தார் என்பது உங்களுக்கு ஞாபகமிருக்கின்றதே தவிர, அவரோடு பிறந்து தொட்டிலிலேயே போன அண்ணன் தம்பிகளின் பேர்கூட உங்களுக்குத் தெரியாது. தப்பிப் பிழைத்த ஒருவரைக் காட்டி, குழிக்குப் போன பலரை மறைப்பது கணக்காகுமா?

பிறகு என்ன நடந்தது? 1951-61-ல் ஆண்களின் சராசரி 41.9 ஆயிற்று. 1970-75-ல் 50.5 ஆயிற்று. 2016-20-ல் 68.6-க்கு வந்திருக்கின்றது. நூறு வருஷத்துக்குள் ஆயுள் மூன்று மடங்காகிவிட்டது. பிரமன் எழுதும் எழுத்தாணியை மாற்றிக்கொண்டானா? அல்லது எமனுடைய எருமை கிழமாகிவிட்டதா? இரண்டுமில்லை. அம்மை குத்தினார்கள். மலேரியாக் கொசுவை ஒழிக்கப் பார்த்தார்கள். குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. பென்சிலின் போன்ற மருந்துகள் வந்தன. 1971-ல் பிறந்த 1000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் செத்தன. 2020-ல் அது 28-ஆகக் குறைந்தது. தலையெழுத்து என்று மாரியம்மன் கோவிலுக்கு விட்டுவிட்ட குழந்தைகளைத் தடுப்பூசி காப்பாற்றியது என்பதே இதன் தாத்பரியம்.

இன்னொரு அதிசயத்தையும் கவனிக்க வேண்டும். உலகத்தில் அநேகமாக எல்லா நாடுகளிலும் பெண்களே ஆண்களைவிட அதிக காலம் வாழுகின்றார்கள். அதில் சரீர அமைப்புக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் இந்தியாவில் 1921-31 முதற்கொண்டு 1970-75 வரையிலும் பெண்ணின் சராசரி ஆயுள் ஆணின் ஆயுளைவிடக் குறைவாகவே இருந்தது. காரணமென்ன? பூப்பெய்துமுன் கல்யாணம், எலும்பு முற்றுமுன் பிரசவம், அடுத்தடுத்துப் பிள்ளை, மிச்சம் மீதிச் சோறு, பெண் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற அலட்சியம். குழந்தை மணத்தைத் தடுக்க 1929-ல் சாரதா சட்டம் வந்தபொழுது சாஸ்திரம் போய்விட்டதென்று கூச்சல் போட்டார்கள். சாஸ்திரம் போனாலும் பெண்கள் பிழைத்தார்கள். கல்யாண வயது ஏறவும், பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போகவும், பெண்களின் ஆயுள் 1980-க்குப் பின் ஆண்களைத் தாண்டிற்று. 2016-20-ல் ஆணுக்கு 68.6, பெண்ணுக்கு 71.4. ஒரு தலைமுறைக்குள் தலைகீழாக மாறக்கூடியது விதியாகுமா? மனிதன் செய்ததை மனிதன் மாற்றினான் என்பதுதானே உண்மை?

ஆகவே குழந்தைச் சாவு குறைந்துவிட்டது. பிரசவச் சாவும் குறைந்துவிட்டது. இப்பொழுது 65-க்கு முன்னால் வரிசையாய் விழுகின்றவர்கள், மீசை முளைத்து, சம்பாதிக்கும் வயதிலுள்ள ஆண்பிள்ளைகளே ஆவார்கள். அவர்களைக் கொல்லுவது எது என்று ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

முதலாவது, புகையிலை. 2016-17-ல் எடுத்த கணக்கின்படி நம் நாட்டில் 100 ஆண்களில் 42 பேர் ஏதோ ஒரு விதத்தில் புகையிலையை உபயோகிக்கின்றார்கள். பெண்களில் 14 பேர். 2008-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆராய்ச்சி, 30-க்கும் 69-க்கும் இடைப்பட்ட வயதில் சாகும் இந்திய ஆண்களில் ஐந்தில் ஒருவருடைய சாவுக்குப் பீடி சிகரெட்டே காரணம் என்று காட்டிற்று. பீடி குடிக்கும் ஆண் சராசரியாய் 6 வருஷ ஆயுளை இழக்கின்றான். சிகரெட்டுக் குடிப்பவன் 10 வருஷத்தை இழக்கின்றான். ஏழரைச் சனி பிடித்தால் ஏழரை வருஷம் என்று பயந்து எண்ணெய் விளக்குப் போடுகின்றவன், ஆறு வருஷத்தைத் தன் கையாலேயே கொளுத்திவிடுகின்றானே, இதற்கு எந்தக் கோவிலில் பரிகாரம்?

இரண்டாவது, குடி. 2019-21-ல் எடுத்த கணக்கில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 100-க்கு 19 பேர் குடிப்பதாகச் சொன்னார்கள். பெண்களில் ஒருவர். ஈரல் கெடுவது ஒரு பக்கம். குடித்துவிட்டு வண்டியேறுவது மற்றொரு பக்கம். 2022-ம் வருஷத்தில் மாத்திரம் ரோட்டு விபத்துகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். புது வண்டிக்குச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்றோம். தலையில் கவசம் வைக்கச் சொன்னால் தலை வேர்க்கின்றது என்கின்றோம். எலுமிச்சம்பழம் இதுவரை எந்த மண்டையையாவது காப்பாற்றியிருக்கின்றதா?

மூன்றாவது, ரத்தக் கொதிப்பு. அதே 2019-21 கணக்கின்படி ஆண்களில் 100-க்கு 24 பேருக்கு இது உண்டு. இது வலிக்காது, வீங்காது, காய்ச்சல் வராது. கையில் பட்டையைக் கட்டி அளந்தால்தான் தெரியும். தெரிந்துகொண்டால் தினம் ஒரு சிறு மாத்திரையில் அடங்கும். தெரியாவிட்டால் ஒருநாள் மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வந்து நிற்கும். இன்று இந்நாட்டில் அதிகம் பேரைக் கொல்லுவது இருதய நோய்தான். ஆனால் நமது ஆண்பிள்ளைகளுக்கு டாக்டரிடம் போவதென்றால் ஆண்மைக்குக் குறைவாய்த் தோன்றுகின்றது! மாட்டுக்கு நோவென்றால் அன்றைக்கே ஓடுகின்றவன், தன் நெஞ்சு வலித்தால் மூன்று நாள் பொறுத்துப் பார்க்கின்றான்.

நான்காவது, க்ஷயரோகம். உலகத்திலுள்ள க்ஷயரோகிகளில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் இந்தியாவில் இருக்கின்றார்கள். அவர்களில் ஆண்களே அதிகம். இது பாவத்தினால் வரும் வியாதியென்றார்கள். 1882-ல் ராபர்ட் காக் என்பவர் இது ஒரு கிருமியினால் வருவது என்று கண்ணாடியில் காட்டிவிட்டார். பிறகு, மலைக்காற்றும் முட்டையும் பாலும் உடைய பணக்காரனுக்குத்தான் இது தீரும் என்றார்கள். அந்த எண்ணத்தை உடைத்தது எந்த ஊர் தெரியுமா? நமது சென்னைதான். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில், நோயாளிகளில் ஒரு பகுதியாரைச் சானடோரியத்தில் வைத்தும், ஒரு பகுதியாரை அவரவர் வீட்டிலேயே விட்டும், ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இட நெருக்கடியிலும் போதாத சாப்பாட்டிலும் வீட்டில் இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே குணமானார்கள். 1959-ல் இந்த முடிவு வெளிவந்ததும் உலகமே வைத்திய முறையை மாற்றிக்கொண்டது. ஏழையின் நோயும் தீரும், மருந்தைத் தவறாமல் தின்றால் போதும் என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் சென்னை நகரத்து ஏழை நோயாளிகளே. அப்படிப்பட்ட நாட்டில் இன்றும் ஒருவன் இருமி இருமிச் சாகின்றானென்றால் அதைவிட வெட்கக்கேடு வேறென்ன வேண்டும்?

ஐந்தாவது, வேலையும் வறுமையும். மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் என்னும் இடத்தில் பள்ளிக் குழந்தைகள் எழுதும் கல் பலகைக் குச்சியை அறுத்துச் செய்கின்றவர்கள், அந்தக் கல் தூசி நுரையீரலில் படிந்து நடுவயதுக்குள்ளேயே செத்தார்கள். நம் குழந்தை "அ" எழுத வேண்டி இன்னொரு குழந்தையின் தகப்பன் செத்தான். அன்றியும், 2022-ல் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள். மொத்தத்தில் நான்கில் ஒருவர் தினக்கூலிக்காரர். கடனும் அவமானமும் வரும்போது, ஆண்பிள்ளை அழக்கூடாது, யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று நாம் வளர்த்த வளர்ப்பு அவர்களை எங்கே கொண்டுபோய் விடுகின்றதென்று பாருங்கள்.

ஆனால் எல்லாக் குற்றத்தையும் செத்தவன் தலையிலேயே போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. கேரளத்தில் சராசரி ஆயுள் ஏறக்குறைய 75. சத்தீஸ்கரில் ஏறக்குறைய 65. ஒரே நாட்டுக்குள் பத்து வருஷ வித்தியாசம்! கேரளத்துக்கு ஒரு பிரமன், சத்தீஸ்கருக்கு ஒரு பிரமனா? பெண்கள் படித்ததும், ஆஸ்பத்திரி கிட்ட இருந்ததும், நோய் வந்தால் கேட்க வேண்டும் என்ற உணர்ச்சி ஜனங்களுக்கு இருந்ததுமே இந்தப் பத்து வருஷம். 60 வயதில் முதியோர் பென்ஷன் கொடுக்கின்றோம் என்று சர்க்கார் சொல்லுகின்றது. வெயிலில் மூட்டை தூக்கியவனும், கல்லுடைத்தவனும் அந்த 60-ஐக் காணுமுன்னே போய்விட்டால், அவன் வாழ்நாளெல்லாம் கொடுத்த வரிக்கு அவனுக்குக் கிடைத்ததென்ன? ஆகவே ஊருக்கு ஊர் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கும் இடம் வேண்டும், மருந்து வேண்டும், தூசியடிக்கும் தொழிலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்பது பிச்சையல்ல, உரிமையாகும்.

இனித் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 2011 சென்சஸ்படி இந்நாட்டில் புருஷனை இழந்த பெண்கள் 4 கோடிக்கு மேல். மனைவியை இழந்து நிற்கும் ஆண்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆண்கள் முன்னே சாவதோடு, வயது வித்தியாசம் பார்த்துக் கட்டுவதும், ஆண் மறுமணம் செய்துகொண்டு பெண்ணுக்கு அதை மறுப்பதுமே இதற்குக் காரணங்கள். இந்த 4 கோடிப் பேரின் ஜாதகத்திலுமா தோஷம்? பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டிய தாலிகள்தானே இவற்றில் பெரும்பாலானவை? பீடிக்கட்டு செய்த கொலைக்கும், எழுத்துக்குறிப்பு இல்லாத ரத்தக் கொதிப்பு செய்த கொலைக்கும், ஒரு பாவமும் அறியாத பெண்ணின் பூவையும் பொட்டையும் பிடுங்கித் தண்டனை கொடுக்கின்றோமே, இதைவிட அநியாயமான கோர்ட்டு உலகத்தில் எங்காவது உண்டா? இனிமேல் பொருத்தம் பார்க்கின்றவர்கள், மாப்பிள்ளை புகை குடிக்கின்றானா, குடிக்கின்றானா என்ற இரண்டு பொருத்தம் பார்த்தால் போதுமென்று சொல்லுவோம்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. இங்கிலாந்தில் 1951 முதல் 50 வருஷ காலம் ஆண் டாக்டர்களையே தொடர்ந்து கவனித்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. சிகரெட்டை 60 வயதில் விட்டவர்கள் 3 வருஷமும், 50-ல் விட்டவர்கள் 6 வருஷமும், 40-ல் விட்டவர்கள் 9 வருஷமும் ஆயுளைத் திரும்பப் பெற்றார்கள் என்று கண்டார்கள். அதாவது போகவிருந்த ஆயுள் திரும்பி வருகின்றது! எந்த யாகத்தாலும் ஆகாத காரியம் ஒரு பழக்கத்தை விடுவதால் ஆகின்றது. நாமும் இருபது வருஷம் பீடி குடித்தவர்தான். தமையனார் போன ஆறாம் மாதத்தில் விட்டோம். எளிதாயிருந்ததென்று பொய் சொல்ல மாட்டோம். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறையில்தான் விட்டோம்.

நமது அண்ணியார் இன்று இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றார்கள். அன்று வாய் மூடி நின்றதற்காக அவர்களிடம் இந்தச் சபையறிய மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுகின்றோம். அவர்கள் ஜாதகத்தில் ஒரு தோஷமும் இல்லை. தோஷமெல்லாம் நம் அறியாமையில்தான் இருந்தது.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய், உங்கள் தெருவில் 65 வயதுக்கு முன் செத்த ஆண்களின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி, ஒவ்வொருவரும் எதனால் செத்தார்கள் என்று எதிரில் எழுதிப் பாருங்கள். விதி என்று எழுதாமல் உண்மையை எழுதுங்கள். அந்தக் காகிதத்தைப் படித்தபின் உங்கள் புத்திக்கு நாம் சொன்னது சரியென்று பட்டால் கொள்ளுங்கள். இல்லையேல் தள்ளிவிடுங்கள். ஆனால் நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையில் பட்டையைக் கட்டி அளந்துகொள்ள மாத்திரம் மறந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.